மணல்திட்டில் பல் டாக்டர்

பல் டாக்டருக்குப் பேசுவதென்றால் உயிர். தொழிலும் அதற்கு வாகாக அமைந்துவிட்டது. நாற்காலியில் சாய்ந்திருப்பவர் வாயில் பஞ்சையும் குழாயையும் திணித்துவிட்டு, உலக விஷயம் அத்தனையையும் அலசுவார். எதிராளி மறுத்துப் பேச வழியே கிடையாது. "ஆ", "ஊ" என்று வருவதையெல்லாம் ஆமோதிப்பு என்றே எடுத்துக்கொள்வார். துறைமுகத்தில் வேலை பார்ப்பவர்களில் பாதிப் பேரின் கடைவாய்ப் பற்கள் அவர் கையால் போனவைதான்.

கிளினிக் ஜன்னலைத் திறந்தால் துறைமுகம் தெரியும். ஐம்பது வயதுக்கு மேல் ஒருநாள், யாருக்கோ பல் அடைத்துக்கொண்டே வெளியே பார்த்தவருக்கு, நாமும் ஒரு பாய்மரப் படகு வாங்கினால் என்ன என்று தோன்றியது. நாற்காலியில் இருந்தவரிடம் யோசனை கேட்டார். அவர் "ஆ" என்றார். கொஞ்ச நாளில் பழைய படகு ஒன்று வந்து சேர்ந்தது.

படகு ஓட்டுவதில் பெரும்பகுதி படகைப் பழுது பார்ப்பதுதான் என்பது அதன் பிறகே தெரிந்தது. திருகாணியை முடுக்கப் போனால் திருப்புளி கடலில் விழும். கழிவறைப் பம்பை ஒரு வாரம் சரிசெய்தால் மறு வாரம் அது தண்ணீரை வெளியே தள்ளாமல் உள்ளே இழுக்கும். மேல்கதவு ஒழுகும், அதுவும் சரியாக டாக்டர் தலையணை மேல்.

"எங்க பார்த்தாலும் தண்ணி வருது, குழாய்ல மட்டும் வரல" என்பார் அவர் மனைவி. தபால் நிலையத்தில் வேலை பார்ப்பவர். விடுமுறை நாளில் கணவரோடு படகுக்கு வருவார், ஒரு ஓரமாக உட்கார்ந்து காய்கறி நறுக்குவார். சுக்கான் பக்கம் போனதில்லை. டாக்டர் போக விட்டதுமில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியின் தம்பி வந்திருந்தான். லாரி கம்பெனி ஒன்றில் மேலாளர். சக்கரம் இல்லாத எதையும் வண்டி என்று ஒப்புக்கொள்ளாதவன். டாக்டர் சுக்கானைப் பிடிக்க, மூவரும் படகில் கிளம்பினார்கள்.

"பிரேக் எங்க மாமா இருக்கு?"

"படகுக்கு பிரேக் கிடையாதுப்பா."

"அப்ப எப்படி நிறுத்துவீங்க?"

இந்தக் கேள்வி டாக்டரைச் சுட்டது. நாற்காலியில் இருப்பவர்கள் யாரும் இப்படிக் கேட்டதில்லை. காற்று என்பது என்ன, பாய் எப்படி இழுக்கிறது, எப்படித் தளர்த்துவது என்று ஆரம்பித்துவிட்டார். மைத்துனனும் விடவில்லை. வாதம் சூடு பிடித்தது.

"ஏங்க, அந்தச் சிவப்பு மிதவைக்கு வலப்பக்கம்தானே போகணும்?" என்றார் மனைவி.

"தெரியும் தெரியும்."

"ஆழம் காட்டுற கருவி என்னமோ சத்தம் போடுது."

"அது அப்படித்தான், ஈரம் பட்டா கத்தும்" என்று சொல்லி முடிப்பதற்குள், படகுக்கு அடியில் நீண்டிருக்கும் கனத்த இரும்புத் தகடு மணல்திட்டில் போய்ச் சொருகிக்கொண்டது. நறுக்கிய வெண்டைக்காய் அத்தனையும் மைத்துனன் மடியில் கொட்டியது.

"ஓ, இப்படித்தான் நிறுத்துவீங்களா?" என்றான் அவன். பிறகு, "ரிவர்ஸ் எடுங்க மாமா."

எடுத்தார். பாய்க்குத் துணையாக இருந்த சின்ன இன்ஜின் சேற்றைக் கிளறியதே தவிர படகு அசையவில்லை. கடல் வேறு வற்றிக்கொண்டிருந்தது. தண்ணீர் இறங்க இறங்கப் படகு மெல்ல ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்தது. இறங்கி நடக்கலாமென்றால் இடுப்பளவு சேறு. தண்ணீர் திரும்ப ஏறும்வரை இருந்த இடத்திலேயே இருக்க வேண்டியதுதான்.

எல்லாவற்றையும்விடக் கொடுமை, அந்தத் திட்டு துறைமுக மேடைக்கு நேர் எதிரே, கூப்பிடு தூரத்தில் இருந்ததுதான். ஒருவர் பார்த்தார், இருவரானார்கள், சற்று நேரத்தில் மேடையில் நிற்க இடமில்லை. முக்கால்வாசி முகங்கள் டாக்டருக்குத் தெரிந்தவை. வாய் மூடிப் பார்த்திராததால் சிலரை மட்டும் உடனே அடையாளம் தெரியவில்லை.

"பயப்படாதீங்க டாக்டர், எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்!" என்று கத்தினார் கிரேன் ஓட்டுநர்.

"நல்லா சாஞ்சுக்கங்க! இன்னும் கொஞ்சம்!" இது மீன் ஏலம் விடும் அம்மாள்.

"ரெண்டு மணி நேரத்துக்கு எதுவும் சாப்பிடாதீங்க!"

டாக்டர் அப்போது நங்கூரம் போடுவதற்காக அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அதன் கயிற்றைப் பல்லில் கடித்தபடி நின்றார். "ஆ... ஊ..." என்றுதான் அவரால் சொல்ல முடிந்தது. மேடையில் விசில் பறந்தது.

இதற்கிடையில் மைத்துனனைக் காணவில்லை. கீழேயிருந்து அமுங்கிய குரல் வந்தது. "அக்கா! அக்கோவ்!" சாயத் தொடங்குவதற்கு முன் கழிவறைக்குள் போனவன், சாய்ந்த பிறகு வெளியே வர முடியவில்லை. பக்கத்தில் இருந்த கதவு இப்போது தலைக்கு மேலே இருந்தது. டாக்டர் அதைத் தூக்கிப் பிடித்து, சுவரில் ஒரு காலை முட்டுக்கொடுத்து, அவன் கையைப் பற்றினார்.

"மூக்கால மூச்சு விடு. அசையாத. தோளை லேசா இடப்பக்கம் திருப்பு."

ஆட்டி, தளர்த்தி, ஒரே இழுப்பு. முழுசாக வந்தான். அன்றைக்கு அவர் உருப்படியாகச் செய்த ஒரே வேலை அதுதான்.

பிறகு மூன்று பேரும் சரிந்த தளத்தில், கால்களை எதிர்ப்பக்கம் உதைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். மனைவி தேநீர் போட்டார். படகு எப்படிச் சாய்ந்தாலும் நேராகத் தொங்கும் அடுப்பு அது. மற்ற எல்லாம் கோணலாக இருக்க, அது மட்டும் நிமிர்ந்து நின்றது. டாக்டர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ சொன்னப்பவே திருப்பியிருக்கணும்" என்றார் கடைசியில்.

மனைவிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கண்ணில் நீர் வரச் சிரித்தார். "உங்க மூஞ்சியை நீங்க பார்க்கலையே! கயித்தைக் கடிச்சுக்கிட்டு..." டாக்டருக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு அவரும் சிரித்துவிட்டார். சிரித்த வேகத்தில் தேநீர் மைத்துனன் மேல் சிந்தியது.

சாயங்காலம் தண்ணீர் ஏறியதும் இழுவைப் படகுக்காரர் வந்து சேர்ந்தார். டாக்டரிடம் ஞானப்பல் எடுத்துக்கொண்டவர். கயிற்றை வீசிவிட்டு, "மெதுவாத்தான் இழுப்பேன் டாக்டர். வலிச்சா கையைத் தூக்குங்க" என்றார்.

இழுத்தார். 'படக்' என்று ஒரு சத்தம். படகு இருந்த இடத்திலேயே இருந்தது. கயிறு கட்டியிருந்த இரும்புக் கொண்டி மட்டும் பெயர்ந்து பறந்தது. இழுவைப் படகுக்காரர் அதைக் கயிற்றோடு இழுத்தெடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வேரோட வந்துருச்சு டாக்டர்!"

மேடையே அதிர்ந்தது. அந்த ஆரவாரத்துக்கு நடுவே யாரும் இழுக்காமலே படகு தானாக நிமிர்ந்து மிதந்தது. டாக்டர் சேறு படிந்த நங்கூரக் கயிற்றோடு முன்பக்கம் மல்லுக்கு நின்றார். மைத்துனன் பாய்மரத்தைக் கட்டிப்பிடித்திருந்தான். சுக்கானுக்கு ஆள் இல்லை. மனைவி போய்ப் பிடித்தார். சிவப்பு மிதவைக்கு வலப்பக்கமாக வளைத்து, மேடையை உரசாமல் கொண்டுவந்து நிறுத்தினார். ஏலக்கார அம்மாள்தான் கயிற்றை வாங்கிக் கட்டினாள். ஜனங்கள் கைதட்டினார்கள். டாக்டர் பேச வாயெடுத்தவர், மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அப்படியொரு பூரிப்பை அந்த முகத்தில் அவர் பார்த்து நாளாகியிருந்தது.

மனைவி சுக்கானை விடாமல் கேட்டார்: "அடுத்த வாரம் எந்தப் பக்கம் போகலாம்?"

படகு வாங்கிய நாளிலிருந்து இந்தக் கேள்விக்காக டாக்டர் காத்திருந்தார். அவர் பதில் சொல்வதற்குள் மைத்துனன் மேடைமேல் தாவிவிட்டான்.

"எனக்கு அடுத்த வாரம் வேலை இருக்குக்கா!"