சுவரைப் பார்த்த நாற்காலிகள்

டப்பா அக்கா எந்தக் குழந்தைகள் இல்லத்துக்குப் பயிற்சி கொடுக்கப் போனாலும், முதல் வேலையாக அங்குள்ள பெரியவர்களின் நாற்காலிகளைச் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போடச் சொல்வாள். முறைப்பவர்கள் முறைப்பார்கள். முறைத்துவிட்டுப் போகட்டும் என்று நிற்பாள். அந்தப் பிடிவாதம் அவளுக்கு எப்படி வந்தது என்பதுதான் கதை.

அப்போது அவள் டப்பா அக்கா இல்லை, ஓர் இல்லத்தின் வாசல் மேசையில் உட்கார்ந்திருந்த வெறும் ஆபீஸ் அக்கா. தொலைபேசி எடுப்பாள், பிள்ளைகளைப் பார்க்க வரும் உறவுக்காரர்களை விசாரித்து உள்ளே அனுப்புவாள், யாராவது அதட்டினால் இரண்டு மடங்காகத் திருப்பி அதட்டுவாள். கோபம் மூக்கு நுனியிலேயே இருக்கும். "உன் வாய்க்குன்னு தனியா ஒரு பொத்தான் தைக்கணும்" என்பார் அவள் கணவர். அவர் தையல்காரர்.

ஒருநாள், நிதி கொடுக்கும் அமைப்பு ஒரு நிபந்தனை போட்டது. கண்காணிப்பும் மதிப்பீடும் கற்றவர் ஒருவர் இல்லத்தில் இருந்தே ஆக வேண்டுமாம். பெயரைக் கேட்டதும் ஆளாளுக்கு நழுவினார்கள். சமையல்காரருக்கு அடுப்பு வேலை, விடுதிக் காப்பாளருக்கு முதுகுவலி, செயலாளருக்கு நேரமே இல்லை. கடைசியில் பயிற்சியை அவள் தலையில் கட்டினார்கள். கொஞ்ச நாள் தொலைபேசிச் சத்தம் இல்லாமல் இருக்கலாமே என்று அவளும் கிளம்பிப் போனாள்.

போன இடத்தில் வசமாக மாட்டிக்கொண்டாள். பாய் கொடுக்கிறோம், போர்வை கொடுக்கிறோம், பால் கொடுக்கிறோம் என்று வந்தவர்கள் எல்லாரும் அடுக்கி முடித்ததும், பயிற்சி நடத்திய பெண்மணி கேட்டார்: "குடுத்ததெல்லாம் சரி. அதனால பிள்ளைங்களுக்கு என்ன ஆச்சு?" இத்தனை வருஷம் அந்த வாசலில் உட்கார்ந்திருந்தும் இந்தக் கேள்வி தனக்குத் தோன்றவில்லையே என்று அவளுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

அங்கே கற்றுக்கொண்டு வந்ததுதான் டப்பா. இரண்டு தகர டப்பாக்கள். ஒன்றில் சிரிக்கிற முகம் வரைந்திருக்கும், மற்றதில் அழுகிற முகம். சாப்பிடும் இடம் எப்படி, விளையாடும் இடம் எப்படி, படுக்கும் அறை எப்படி என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். பிள்ளைகள் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பொத்தானை ஏதாவது ஒரு டப்பாவில் போட வேண்டும். எழுதத் தெரியாத குழந்தையும் பதில் சொல்லிவிடும். பொத்தான்கள் கணவர் கடையிலிருந்து வந்தன.

முதல் தடவை எல்லாப் பொத்தான்களும் சிரிக்கிற டப்பாவில் விழுந்தன. செயலாளர் பூரித்துப்போனார். அவளும்தான். ஆனால் மறுநாள் காலையில், வழக்கம்போல ஒரு சின்னப் பெண் நனைந்த விரிப்போடு குழாயடியில் அழுதுகொண்டு நின்றாள்.

"படுக்கிற அறைக்கு நீ எந்த டப்பால போட்ட, கண்ணு?"

"சிரிக்கிறதுல."

"ஏன்மா?"

"காப்பாளர் சார்தானே டப்பாவைப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு."

அக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. கூடமாட உதவட்டும் என்று அவரைப் பிடிக்கச் சொன்னதே அவள்தான். போதாததற்குச் செயலாளர் வேறு பக்கத்தில் உட்கார்ந்து, "நல்லாப் போடு ராஜா" என்று ஒவ்வொரு முதுகையும் தட்டிக்கொண்டிருந்தார். அழுகிற டப்பா பக்கம் எந்தப் பிள்ளை போகும்?

மறுபடி வைத்தாள். இந்த முறை துணி காயப்போடும் இடத்தில், ஒரு பழைய திரைக்குப் பின்னால், யாரும் பக்கத்தில் இல்லாமல். சாப்பாடும் விளையாட்டும் தப்பித்தன. படுக்கும் அறைக்கான பொத்தான்கள் ஏறக்குறைய எல்லாமே அழுகையில் கிடந்தன. கேட்டால், கதவு என்றார்கள். இரவில் வெளியிலிருந்து தாழ்ப்பாள் போட்டுவிடுகிறார்கள். கழிப்பறைக்குப் போக முடியாது. அடக்கி அடக்கிப் பார்த்துப் பாயிலேயே போய்விட்டு, காலையில் திட்டு வாங்குகிறார்கள்.

செயலாளர் கெட்டவர் இல்லை. காய்ச்சல் வந்த பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு விடிய விடிய உட்காருகிற மனிதர். அதனால்தான் அவரிடம் சொல்வது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"ஒருதடவ ஒரு பையன் ராத்திரில வெளிய போயிட்டான். அவன் கிடைக்கிற வரைக்கும் எனக்கு உயிரே இல்ல. மறந்துட்டீங்களா?"

"மறக்கல சார். நானும்தான் தெருத்தெருவா தேடினேன்."

"அப்புறம் என்ன? நாளைக்கு நிர்வாகக் குழு வருது. முதல்ல வந்த முடிவையே சொல்லிடுங்க."

"அது முடிவு இல்ல சார். உங்க முகத்துக்காகப் போட்ட பொத்தான்."

அவர் முகம் சிவந்தது. "உங்களுக்கு இந்த வேலை வேணுமா, வேணாமா?"

"வேணும் சார். அதான் ஒழுங்கா செய்யறேன்."

சொல்லிவிட்டாளே தவிர, வீடு போய்ச் சேரும்வரை மாசச் செலவைக் கணக்குப் போட்டுக்கொண்டே நடந்தாள். தையல் கடை ஈயோட்டிக்கொண்டிருந்த நேரம் அது. வீடு அவள் சம்பளத்தில்தான் ஓடியது. கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"உன் வாய்க்குப் பொத்தான் தைக்க இத்தனை வருஷமா என்னாலேயே முடியல. அவரால ஒரே நாள்ல முடியுமா?" என்றவர், ஒரு பையை எடுத்து நீட்டினார். "கோட்டுப் பொத்தான். பெருசு. தகரத்துல விழுந்தா நல்லா சத்தம் கேக்கும்."

மறுநாள் நிர்வாகக் குழுவினர் கூடத்தில் வந்து உட்கார்ந்தார்கள். அவள் சிரிக்கிற டப்பாவை ஜன்னல் பக்கமும், அழுகிற டப்பாவைக் கதவுப் பக்கமும் வைத்தாள். அதை எல்லாருக்கும் காட்டினாள். பிறகு, "நாற்காலியை எல்லாம் சுவரைப் பார்த்துத் திருப்பிக்கிடுங்க. நான் சொல்ற வரைக்கும் யாரும் திரும்பக் கூடாது" என்றாள். குழுத் தலைவர், "என்னம்மா, எங்களுக்குத் தண்டனையா?" என்று சிரித்துக்கொண்டே திருப்பிப் போட்டார். செயலாளர் மட்டும் அசையாமல் நின்றார்.

"நீங்களும்தான் சார்."

பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார். விருப்பப்பட்ட பிள்ளைகள் மட்டும் உள்ளே வந்தார்கள். அவளும் ஒரு நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டு கேட்டாள். சாப்பிடும் இடம்? ஜன்னல் பக்கம் டங் டங் என்று கேட்டது. குழுவினர் தலையாட்டினார்கள். விளையாடும் இடம்? அதுவும் ஜன்னல்தான்.

"படுக்கிற அறை?"

கதவுப் பக்கம் ஒரு டங். இன்னொன்று. பிறகு வரிசையாகக் கதவுப் பக்கமே. தலையாட்டல் நின்றது. கடைசியாக ஒரு சின்னப் பாதத்தின் சத்தம் பாதி வழியில் நின்றுவிட்டது.

"சார், திரும்பிப் பார்க்க மாட்டீங்கல்ல?"

குழாயடிப் பெண்ணின் குரல். செயலாளருக்கும் அது தெரிந்தது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பார்க்க மாட்டேன்மா. நீ போடு."

டங். கதவுப் பக்கம்.

சாயங்காலம் அவரே திருப்புளியைத் தேடி எடுத்துக்கொண்டு மாடியிலிருந்த படுக்கும் அறைக்குப் போனார். அவள் பின்னாலேயே போய் நின்றாள். காப்பாளரின் கட்டில் அதற்குள் கீழே வெளிவாசலுக்குப் பக்கத்தில் போயிருந்தது. இனி வெளியே போகிற பிள்ளை அவரைத் தாண்டித்தான் போக வேண்டும். துருப்பிடித்த திருகாணிகளோடு மல்லுக்கட்டித் தாழ்ப்பாளைக் கழற்றி, அதை அவள் கையில் வைத்தார் செயலாளர்.

"இப்பத் திருப்திதானே?" என்றார் கடுப்பாக.

"எனக்கு எப்படி சார் தெரியும்?" என்றாள் அவள். "அடுத்த மாசம் டப்பா வைப்போம். பிள்ளைங்க சொல்லட்டும்."