சீரகம் மடித்த பக்கம்

“இவ படிச்சிட்டு வந்து, ஆதம் நபிய மண்ணுல படைக்கல, கொரங்குலேர்ந்து வந்தாருன்னு நம்ம கிட்டயே சொல்லுவா. பாத்துக்கினே இரு மச்சான்.”

அம்மாவின் அண்ணனான என் மாமா கடை வாசலில் நின்று இதைச் சொன்ன மாலையில், அத்தா அவருக்குச் சீரகம் மடித்துக்கொண்டிருந்தார். மெல்லிய வெள்ளைத் தாள். அதைக் கூம்பாகச் சுற்றி, அடியைக் கிள்ளி, சீரகத்தைச் சரித்து, மேல்வாயை மடக்கிச் செருகினார். மாமா பொட்டலத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, என்னை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார். நான் அரிசி மூட்டையின்மேல் உட்கார்ந்து உயிரியல் புத்தகத்தை விரித்து வைத்திருந்தேன். அந்தத் தாளில் என்ன எழுதியிருந்தது என்பது எங்கள் மூவருக்குமே அப்போது தெரியாது. இன்று நினைக்கும்போது அந்த மாலை தண்ணீருக்கடியில் நடந்ததுபோல மெதுவாக அசைகிறது. வெயில் சாய்ந்து தராசுத் தட்டில் விழுந்தது. எங்கோ ரயில் கூவியது. சீரக வாசனை எல்லாவற்றின் மேலும் படிந்திருந்தது.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. செங்கல்பட்டு மார்க்கெட் பக்கம் எங்கள் மளிகைக் கடை. எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் அரபி ஓதத் தெரியும். தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்க ஒருவருக்கும் தெரியாது. பள்ளியிறுதி வகுப்புவரை போன முதல் ஆள் நான். இதை இன்றும் கொஞ்சம் தலை நிமிர்ந்துதான் சொல்கிறேன். தேர்வு முடிந்ததும் கல்லூரியில் சேர்ந்து விலங்கியல் படிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். எனக்கு உயிரியல் எடுத்த டீச்சர் விண்ணப்பப் படிவம் வாங்கிக் கொடுத்துவிட்டார். அது கல்லாப் பெட்டிக்கு அருகில், ஒரு தராசுப் படிக்கல்லுக்கு அடியில், அத்தாவின் கைரேகைக்காகக் காத்துக் கிடந்தது. பெண் பிள்ளை கல்லூரிக்குப் போவதில் அத்தாவுக்கு வருத்தம் இல்லை. விலங்கியல் என்பதுதான் அவரை உறுத்தியது. உலகத்தைப் படைத்தவனை இல்லை என்று சொல்லும் படிப்பு அது என்று மாமா சொல்லிச் சொல்லி, அவருக்கும் அந்தப் பயம் வந்திருந்தது. மகளுடைய ஈமான், அந்த நம்பிக்கை, போய்விட்டால் நாளை இறைவனிடம் தான் என்ன பதில் சொல்வது என்று அம்மாவிடம் கேட்டது சுவர் தாண்டி எனக்குக் கேட்டது.

கடையில் எனக்கு ஒரு வேலை உண்டு. பொட்டலம் கட்டப் பழைய தாள் கட்டுக் கட்டாக வரும். இறைவன் பெயரோ நபிமார்கள் பெயரோ உள்ள தாளில் உப்பு புளி மடிக்கக் கூடாது. அது காலடியில் விழும், குப்பைக்குப் போகும். அரபி எழுத்தென்றால் அத்தாவே கண்டுகொள்வார். எடுத்து முத்தமிட்டு, கண்ணில் ஒற்றி, உத்தரத்தில் தொங்கும் துணிப்பையில் போடுவார். தமிழ்த் தாள்களை நான்தான் பள்ளி விட்டு வந்து படித்துப் பிரிக்க வேண்டும். சாமி படம் போட்ட காலண்டர் தாள்களை அத்தா எதிரே பூ விற்கும் அம்மாளிடம் கொடுத்துவிடுவார். “உங்க ஆளு, நீயே வெச்சிக்கோ” என்பார். “இங்க வந்து மூணு நாளா பருப்பு மூட்ட மேல குந்திகினு இருந்தாரா பாய்?” என்று அந்த அம்மாள் சிரித்து வாங்கிக்கொள்வாள். துணிப்பை நிறைந்ததும் வருஷத்துக்கு ஒருமுறை மாமல்லபுரம் போய்க் கடலில் சேர்ப்போம்.

தேர்வு நெருங்கியதால் அந்த மாதம் இரண்டு வாரம் நான் தாள் பார்க்கவில்லை. தப்பு அங்கேதான் நடந்தது.

மாமா சொல்லிவிட்டுப் போன மறுநாள் காலை, டீச்சர் கடைக்கு வந்தார். கிறிஸ்தவர். கையில் பிரித்த பொட்டலத் தாள். அதைக் கல்லாப் பெட்டிமேல் விரித்து, சுருக்கத்தை உள்ளங்கையால் நீவினார்.

“பாய், கோவிச்சுக்காதீங்க. இது எங்க வேதம்.”

நான் எட்டிப் பார்த்தேன். முதல் பக்கம். வானமும் பூமியும் ஆறு நாளில் உண்டான கதை. எண்ணெய்க் கறையின் நடுவில் ஒளியும் இருளும் பிரிந்துகொண்டிருந்தன. நான் சொன்னதும் அத்தாவின் முகம் வெளுத்துப் போனது.

“எங்களுக்கும் அது வேதந்தான் டீச்சரம்மா,” என்றார் மெல்ல. “தவ்ராத்து, ஸபூர், இன்ஜீல், குர்ஆன். நாலையும் நம்பணும்னு சின்ன வயசுலயே ஓதிக்கினேன். மூசா நபிக்கு எறங்குன தவ்ராத்துல நான் சீரகம் மடிச்சிருக்கேன்.”

குடத்திலிருந்து தண்ணீர் சரித்துக் கைகால் கழுவினார், தொழப் போகிறவர்போல. பிறகு கடைக் கதவுப் பலகைகளை ஒவ்வொன்றாகச் செருக ஆரம்பித்தார். பட்டப்பகலில் எங்கள் கடை மூடிப் பார்த்தது அன்றுதான்.

பொட்டலத் தாள் குத்தி வைக்கும் கம்பியில் மிச்சமிருந்த தாள்களின் பக்க எண்ணைப் பார்த்தேன். முன்னால் ஏழு தாள் போயிருந்தது. எண்ணைக் கண்டுபிடிக்க என் படிப்பு உதவியது. யாரிடம் போயிற்று என்பதற்கு அத்தாவின் ஞாபகம் போதுமானதாக இருந்தது. முந்தின நாள் சீரகம், மிளகு வாங்கியவர்களை வரிசை மாறாமல் சொன்னார். ஒன்று டீச்சரிடமிருந்து வந்துவிட்டது. மற்ற ஆறுக்காகத் தெருத்தெருவாக நடந்தோம். ஓட்டல் சமையல்காரர் தாளைக் கொடுத்துவிட்டு, “சீரகத்தத் திருப்பிக் கேக்க வந்தீங்கன்னு பயந்துட்டேன் பாய்” என்றார். ஒரு வீட்டில் அது அலமாரியில் விரிக்கப்பட்டு, அதன்மேல் கண்ணாடி வளையல்கள் இருந்தன. இன்னொரு வீட்டில் ஒரு பெண், “அடுப்புல போட்டுட்டேனே அண்ணே” என்று கையைப் பிசைந்தாள். அத்தா கொஞ்ச நேரம் அந்த அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். “ஒம் மேல தப்பில்லம்மா,” என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். அவ்வளவு மெதுவாக அவர் நடந்து நான் பார்த்ததில்லை.

கடைசி வீடு மாமாவுடையது. மாமி அஞ்சறைப் பெட்டியிலிருந்து பொட்டலத்தை அப்படியே எடுத்துக் கொடுத்தாள். விஷயத்தைக் கேட்ட மாமா, நாற்காலியில் சாய்ந்துகொண்டு சிரித்தார்.

“இதுக்கா கடைய மூடிட்டு அலையறே? அதத்தான் அந்த வேதக்காரங்க எப்பவோ மாத்தி எழுதிட்டாங்களே மச்சான்.”

“மாத்தியிருக்கலாம். எந்த வரிய மாத்தினாங்க, எத மாத்தலன்னு உனக்குத் தெரியுமா?”

மாமா என்னைப் பார்த்தார். “படி, கேப்போம்.”

படித்தேன். ஏழாம் நாள் இறைவன் ஓய்ந்திருந்தான் என்று வந்ததும் மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். “பாத்தியா, பாத்தியா. அவனுக்கு ஏது களைப்பு? இங்கதான் மாத்திகினாங்க.” நான் மேலே போனேன். மண்ணிலிருந்து மனிதனை உருவாக்கியது வந்தது. மாமாவின் கை தானாகத் தொப்பியைச் சரிசெய்தது.

“இது நம்மளுதுலயும் கீதே,” என்றார் தாழ்ந்த குரலில். கொஞ்சம் கழித்து, “கொரங்கு எங்க?” என்று கேட்டார்.

“அது என் பொஸ்தகத்துல மாமா.”

மாமி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

திரும்பி வரும் வழியில், ஏரிக்கரைக் காற்றில், அத்தா தாள்களை மார்போடு அணைத்தபடி நடந்தார். திடீரென்று நின்று கேட்டார். “வேதக் கிதாபு ஒண்ணு சொல்லுது. உன் படிப்பு வேற சொல்லுது. அப்ப நீ இன்னா பண்ணுவே?”

படிக்கல்லுக்கடியில் கிடந்த படிவம் என் கண்முன் வந்தது. கிதாபுதான் சரி என்று சொல்லியிருந்தால் அன்றே கைரேகை வைத்திருப்பார். அது எனக்குத் தெரியும். ஆனால் காலையிலிருந்து அவர் வீடு வீடாக ஏறி இறங்கியதைப் பார்த்த பிறகு பொய் சொல்ல வாய் வரவில்லை.

“தெரியல அத்தா. ரெண்டையும் தூக்கிப் போட மாட்டேன். தெரியலன்னு சொல்லுவேன்.”

அவர் ஏரியின் பக்கம் திரும்பினார். நீர்க்கோழி ஒன்று முங்கி, எதிர்பாராத இடத்தில் எழுந்தது.

“அப்பிடின்னா படி,” என்றார்.

அந்தத் தாள்களை என்ன செய்வது என்று டீச்சரிடமே கேட்டார். எங்கள் வழக்கத்தைக் கேட்டுக்கொண்ட டீச்சர், “அப்படியே செய்யுங்க பாய், நானும் வரேன்” என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடித்து அவர் வந்தபின், மாமாவும் சேர்ந்துகொள்ள, திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்தில் மாமல்லபுரம் போனோம். துணிப்பையில் அரபித் தாள்களும், மீட்ட ஆறு தாள்களும், கம்பியில் மிச்சமிருந்தவையும் ஒன்றாக இருந்தன. அடியில் ஒரு கல். கட்டுமரக்காரர் பையைத் தூக்கிப் பார்த்தார்.

“இன்னா பாய், சாம்பலா?”

“இல்ல நைனா. எழுத்து.”

“மீனு படிக்குமா?”

“நம்மள வுட நல்லாவே படிக்கும்.”

மரம் அலை தாண்டிச் சிறுத்துக்கொண்டே போனது. கடற்கரைக் கோயிலுக்குத் தெற்கே பாறைக் குழிகளில் தேங்கிய நீரில் நான் காலை விட்டிருந்தேன். பாறையோடு பாறையாக ஒட்டியிருந்த சிப்பிகள். பூவா பிராணியா என்று சொல்ல முடியாத ஒன்று தன் இழைகளை விரித்துச் சுருக்கிக்கொண்டிருந்தது. உயிர் முதலில் தண்ணீரில்தான் தோன்றியது என்று என் புத்தகம் சொல்வதாகச் சொன்னேன். மாமா துள்ளினார். “உயிருள்ள எல்லாத்தையும் தண்ணியிலேர்ந்துதான் படைச்சான்னு நம்மளுதுலயும் கீது. இவங்க இப்பத்தான் கண்டுபுடிக்கிறாங்க.”

அத்தா கடலைவிட்டுக் கண்ணெடுக்காமல் கேட்டார். “நாளைக்கு அவங்க வேற மாதிரி எழுதுனா நீ இன்னா பண்ணுவே மச்சான்? கிதாப மாத்துவியா?”

டீச்சர் குனிந்து, புடவை நனைவதைக் கவனிக்காமல், அந்தப் பூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். தூரத்தில் பை நீரில் இறங்கியது. மை கரைந்து, ஒளியும் இருளும் ஆறு நாட்களும் அரபி எழுத்தின் வளைவுகளும் ஒரே நீரில் மெல்ல அவிழ்வதை நான் கண்ணை மூடிப் பார்த்தேன். அந்தக் காட்சி இன்னும் கனவில் வருகிறது. கனவில் மீன்கள் ஒவ்வொரு எழுத்தாக வாயில் கவ்விக்கொண்டு ஆழத்துக்குப் போகின்றன.

இப்போது எழுபதுகள் முடியப் போகின்றன. இளங்கலை விலங்கியல் முடித்துவிட்டேன். கருவின் படிநிலைகளையும் எலும்புகளையும் பாறை அடுக்குகளையும் படித்தேன். அவை சொல்வதை மறுக்க எனக்கு வழியில்லை. ஆதமை விட்டுவிடவும் மனமில்லை. இரண்டும் எங்கே சந்திக்கின்றன என்று கேட்டால், ஏரிக்கரையில் சொன்ன பதில்தான் இன்னும் என்னிடம் இருக்கிறது; ஆனால் அன்று தெரியாததைவிட இன்று தெரியாதது எவ்வளவோ பெரியது. மாமா என்னைக் “கொரங்கு டீச்சர்” என்றுதான் கூப்பிடுகிறார். வாரம் ஒருமுறை தன் வீட்டுப் பழைய தாள்களைக் கட்டிக்கொண்டு வந்து, “இதுல பேரு எதனா கீதா பாரு” என்று என் முன்னால் வைக்கிறார். நான் பார்த்துக் கொடுக்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை அத்தா முதுகலைப் படிவத்தில் கைரேகை வைத்தார். வாடிக்கைக்காரர் ஒருவருக்குப் பொட்டலம் மடித்துக் கொடுத்துவிட்டு, விரலை வேட்டியில் துடைத்து, மையில் தொட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினார். திங்கட்கிழமை சென்னைக்கு ரயிலேறிப் போய் நானே அதைக் கொடுத்தேன். எழுத்தர் அந்த இடத்தைப் பார்த்து, “அப்பாவுக்குக் கையெழுத்துப் போட வராதா?” என்றார். “அதுதான் சார் அவர் கையெழுத்து” என்றேன். ரேகையின் ஓரத்தில் ஒரு சீரகத் துணுக்கு மையோடு காய்ந்து ஒட்டியிருந்தது. எழுத்தர் அதை ஊதிவிடப் போனார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.