முகங்களைப் பாடமாகப் படித்தவர்

சங்கரன்கோவிலுக்கு வெளியே இருக்கும் ஒரு பி.எட். கல்லூரியில் நான் உளவியல் நடத்துகிறேன். என் கணவரும் அவருடைய அண்ணனும் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் பாத்திரக் கடை வைத்திருக்கிறார்கள். கல்யாணமான புதிதில், கல்லூரி ஆய்வகத்திலிருந்து நுண்ணறிவுச் சோதனைப் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து என் கணவரை வைத்துச் சோதனை செய்து பழகினேன். சிவப்பு வெள்ளைக் கட்டைகளை அடுக்கி அட்டையில் உள்ள மாதிரி படம் அமைக்க வேண்டும். நான்காவது அட்டையில் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்னைய என்ன மடையன்னு நெனச்சியா?" என்று கட்டைகளைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். சாயங்காலம் அவரே மல்லிகைப் பூவோடு வந்து, "அந்தப் பொட்டிய எடு, மிச்சத்தையும் செய்யுதேன்" என்றார்.

அவர் அப்படிப்பட்ட மனிதர்தான். கடைக்கு வருகிறவர்களிடம் கத்துவார். ஒரு பெண்ணுக்குச் சீர்ப் பாத்திரத்தில் பெயர் வெட்டிக் கொடுக்கும்போது, அந்தப் பெண்ணைப் பெற்றவருக்கு முன்னால் இவர் கண் கலங்குவார். சட்டென்று பொங்கும், சட்டென்று அடங்கும்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் குருவிகுளம் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு பைக்கில் திரும்பிக்கொண்டிருந்தபோது ஆட்டு மந்தை ஒன்று குறுக்கே வந்தது. பிரேக் போட்டதில் வண்டி சறுக்கி, நெற்றி தரையில் மோதியது. திருநெல்வேலியில் ஒரு மாதத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் இருந்தார். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஞாபகம், கணக்கு, பேச்சு எல்லாம் நல்லா இருக்கும்மா. அடி பட்டது முன்மூளையில. குணத்துல ஏதாவது மாறுதல் தெரிஞ்சா பயந்துராதீங்க" என்றார்.

நான் உளவியல் ஆசிரியை. பயப்படவில்லை. மறு வாரமே அதே பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். எண்களைத் தலைகீழாகச் சொல்லச் சொன்னேன், சொன்னார். கட்டைகளைக் கொடுத்தேன், அன்று கோபப்பட்டு விட்டுப்போன அட்டையைக் கண்ணிமைக்கும் நேரத்தில் அடுக்கினார். கடைசி அட்டைவரை ஒரு பிழை இல்லை. முன்னைவிட அதிக மதிப்பெண். அடுக்களைக்குப் போய் நின்று அழுதேன், சந்தோஷத்தில்தான். திரும்பி வந்தபோது அவர் என் முகத்தைப் பார்த்தார். ஒரு சுவரைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, "அடுத்த அட்டை இருக்கா?" என்றார்.

பெட்டியின் அடியில் முகப் படங்கள் சில இருந்தன. அழும் பெண் ஒருத்தியின் படத்தைக் காட்டி, "இவங்க எப்படி இருக்காங்க?" என்று கேட்டேன்.

"கண்ணுல தண்ணி வருது."

"ஏன்?"

படத்தைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார். "தூசி விழுந்திருக்கும்" என்றார்.

நுண்ணறிவு என்பது ஒரே சக்தியா, பல சக்திகளா என்று வகுப்பில் ஒவ்வொரு வருஷமும் நடத்துகிறேன். எல்லா வேலைக்கும் பின்னால் பொதுவான ஓர் அறிவு இருக்கிறது என்பார்கள் ஒரு சாரார். மொழிக்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று, இசைக்கு ஒன்று, பிற மனிதரைப் புரிந்துகொள்ள ஒன்று என்று தனித்தனி அறைகளாக இருக்கிறது என்பார்கள் மற்றவர்கள். போர்டில் எழுதிப் போட்டுவிட்டு மணி அடித்ததும் வந்துவிடுவேன். அன்று அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஓர் அறையை மட்டும் யாரோ பூட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

எங்கள் மகள் அப்போது பிளஸ் டூ. அரையாண்டுத் தேர்வில் கணக்கில் மிகக் குறைந்த மதிப்பெண் வாங்கிவந்து, கூடத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து விம்மிக்கொண்டிருந்தாள். முன்பென்றால் அவர் முதலில் கத்துவார். பிறகு அவளைக் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போய் புரோட்டா வாங்கிக் கொடுப்பார். அன்று அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஏட்டி, பிளக் பாயிண்ட மறைச்சு உக்காந்திருக்க. தள்ளு, போன சார்ஜ்ல போடணும்."

அவள் அழுகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். அப்பாவைப் பார்க்கிற பார்வை அல்ல அது. நகர்ந்து உட்கார்ந்தாள். அவர் போனைச் செருகிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகுதான் அவர் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்ட தட்டின் முன்னாலேயே உட்கார்ந்திருந்தார்.

"எல்லாரும் எம் மூஞ்சியப் பாக்காவ. என்னமோ எதிர்பாக்காவ. என்னதுன்னு எனக்குத் தெரியல. நீ பாடம் நடத்துதியே, அதுல அது இருக்கா?"

"எது?"

"எப்ப என்ன செய்யணும்ங்கது."

இருக்கிறது என்றேன். உணர்வு நுண்ணறிவு பற்றி நான் எழுதி வைத்திருந்த வகுப்புக் குறிப்பு நோட்டை எடுத்துக் கொடுத்தேன். தன் உணர்வை அறிவது, அதை அடக்கி நடத்துவது, பிறர் உணர்வை முகத்திலும் குரலிலும் கண்டுகொள்வது, அதற்கேற்ப நடந்துகொள்வது. ஒவ்வொன்றுக்கும் உதாரணம் எழுதியிருந்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பென்சிலால் அடிக்கோடு போட்டுப் படித்தார். நான்கு நாள் படித்தார். ஐந்தாம் நாள், "முதல் ரெண்டும் எனக்குத் தேவைப்படாது. மிச்சம் ரெண்டும் பழகிரலாம்" என்றார்.

கடையில் உட்கார்ந்து தெருவில் போகிறவர்களைப் பார்க்க ஆரம்பித்தார். வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்பார்: உதட்டைக் கடித்துக்கொண்டு சிரித்தால் என்ன? பேசும்போது கழுத்தைத் தடவினால் என்ன? நான் சொல்லுவேன். எழுதிக்கொள்வார்.

ஒரு நாள் கல்லூரியில் தேர்வு முடிந்து மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டேன். படுக்கையறைக் கதவு பாதி திறந்திருந்தது. பீரோக் கண்ணாடிக்கு முன்னால் அவர் நின்றிருந்தார். புருவத்தை மெல்ல மேலே ஏற்றி, நடுவில் சுருக்கி, உதட்டின் ஓரங்களைக் கீழே இறக்கி, "வருத்தம்" என்றார். முகத்தை வெறுமையாக்கினார். மறுபடி ஒன்றைக் கட்டினார். தலையைக் கொஞ்சம் சாய்த்து, "ஆறுதல்" என்றார். சரியில்லை என்று தோன்றியிருக்க வேண்டும். விரலால் ஒரு பக்கக் கன்னத்தைத் தூக்கி வைத்துப் பார்த்தார். வெளியே நல்ல வெயில். எதிர்வீட்டில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. காலடிச் சத்தம் கேட்காமல் வாசலுக்குத் திரும்பிப் போய், அப்போதுதான் வருவதுபோல் கேட்டைச் சத்தமாகத் திறந்தேன். அவர் கூடத்துக்கு வந்தார். ஒரு நொடி தாமதித்து, புன்னகை செய்தார். நன்றாகவே இருந்தது அந்தப் புன்னகை.

ஆறு மாதத்தில் தெருவே அவரைக் கொண்டாடியது. யாரிடமும் கத்துவதில்லை. எத்தனை குடத்தை எடுத்துக் காட்டச் சொன்னாலும் சலிக்காமல் காட்டுகிறார். கல்யாண வீட்டார் இரண்டு மணி நேரம் பேசினாலும் கேட்கிறார். அவருடைய அண்ணன் ஒரு நாள் என்னிடம், "அந்த அடி இவனுக்கு நல்லதத்தாம்மா செஞ்சிருக்கு. முன்னால இருந்த முன்கோபம் எங்க போச்சுன்னே தெரியல. தங்கமா இருக்கான்" என்றார். நானும் தலையாட்டினேன்.

கடைக்கு எதிரே டீக்கடை வைத்திருப்பவரின் மனைவி அந்த வருஷம் இறந்துபோனார். நாங்கள் இருவரும் துக்க வீட்டுக்குப் போனோம். வந்தவர்கள் எல்லாம், விதி என்றும் மனசைத் தேற்றிக்கொள் என்றும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். என் கணவர் டீக்கடைக்காரரின் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தார். தோளில் கை வைத்தார். வெகுநேரம் எதுவும் பேசவில்லை. பிறகு மெதுவாக, "மதினி அந்தச் சுக்குக் காப்பிக்கு என்னமோ தட்டிப் போடுவாவளே, அது என்னது அண்ணாச்சி?" என்று கேட்டார். அதுவரை கல்லாக உட்கார்ந்திருந்த மனிதர் உடைந்து அழுதார். அழுதுகொண்டே மனைவியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். சுற்றி இருந்த பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள்.

நான் மட்டும் கண்ணைத் துடைக்கவில்லை. துக்கத்தில் இருப்பவருக்கு அறிவுரை கூடாது, அருகில் இருப்பதே போதும், இறந்தவரைப் பற்றிச் சின்ன ஞாபகம் ஒன்றைக் கேட்கலாம் என்று என் நோட்டில் நான் எழுதியிருந்த மூன்று வரிகளைத்தான் அவர் வரிசையாகச் செய்திருந்தார்.

தெருமுனை திரும்பியதும் கேட்டார்: "கைய ரொம்ப நேரம் வச்சிருந்தேனோ? எத்தன நிமிஷம்னு நீ எழுதல."

கல்லூரியில் மாணவர்களுக்குக் கொடுக்கும் உணர்வு நுண்ணறிவு வினாத்தாளை அவரிடம் கொடுத்துப் பார்த்தேன். இத்தனை வருஷத்தில் அவ்வளவு மதிப்பெண்ணை நான் யாருக்கும் போட்டதில்லை. அந்தத் தாளை இரண்டாக மடித்து அரிசி டிரம்முக்கு அடியில் வைத்தேன். ஏன் அங்கே வைத்தேன் என்று தெரியவில்லை.

அந்த வாரம் வகுப்பில் மனப்பான்மை பாடம். எந்த மனப்பான்மையிலும் மூன்று கூறுகள் உண்டு. நினைப்பு, உணர்வு, நடத்தை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ராயகிரியிலிருந்து வரும் மாணவி ஒருத்தி எழுந்தாள்.

"மேடம், ஒருத்தரு சரியா நினைக்காரு, சரியா நடக்காரு. நடுவுல உள்ளது மட்டும் இல்லன்னா, எப்படிக் கண்டுபிடிக்கது?"

"கண்டுபிடிக்க முடியாது" என்று சொல்லிவிட்டேன். பிறகு சுதாரித்துக்கொண்டு, புத்தகத்தில் இருப்பதைச் சொன்னேன்.

அவர் வெளியாட்களை முடித்துவிட்டு என்னைப் படிக்க ஆரம்பித்தார். நான் கேட்கும் முன்னால் தண்ணீர் வந்தது. தலைவலி என்று நான் சொல்லாமலே தைலம் வந்தது. நன்றாகக் கவனிக்கப்படுவது அவ்வளவு பயமாக இருக்கும் என்று எனக்கு முன்னால் தெரியாது. துணி மடிக்கும்போதும் வெங்காயம் நறுக்கும்போதும் பின்கழுத்தில் அந்தப் பார்வை இருந்தது. ஒரு நாள் காலை இட்லி வைத்துக்கொண்டிருந்தேன்.

"நீ எங்கிட்டப் பேசும்போது குரலு தணிஞ்சு வருது. எல்லார்ட்டயும் அப்படி இல்ல" என்றார்.

"அப்படியா? தெரியலயே."

"பேசும் முன்ன மூச்ச இழுத்து விடுத. தொட வந்தா முதல்ல தோளு இறுகுது, பொறவு நீயே தளத்துத. ஆஸ்பத்திரியில இருந்து வந்த நாள்ல இருந்தே கவனிக்கேன். முதல்ல எனக்கு அர்த்தம் தெரியல. இப்பத் தெரியுது." இட்லித் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "உனக்கு எங்கிட்ட ஒண்ணும் தோணல. பயம் மட்டும் இருக்கு. மத்ததெல்லாம் நீயும் நோட்டுல உள்ளபடிதான் செய்யுத."

கரண்டியைக் கீழே வைத்தேன். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன், மூச்சை இழுத்தேன், அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வருத்தமா இருக்கா உங்களுக்கு?" என்று கேட்டேன்.

"இல்ல. சரியாப் படிச்சிருக்கேனான்னுதான் கேக்கேன்."

அவர் சொன்னதில் தப்பில்லை. விபத்துக்குப் பிறகு நான் அவரிடம் காட்டிய பொறுமை, சிரிப்பு, இதமான வார்த்தை எல்லாம் ஒரு நோயாளியிடம் எப்படி நடக்க வேண்டும் என்று நான் அறிந்த பாடம்தான். ஒரு வீட்டுக்குள் இரண்டு பேர் மாற்றி மாற்றி ஒப்பித்துக்கொண்டிருந்தோம். எங்களில் அவருக்கு மட்டும்தான் அது தெரிந்திருந்தது.

எங்கள் மகள்தான் முதலில் இதை நிறுத்தினாள். பாளையங்கோட்டையில் காலேஜில் சேர்ந்து ஹாஸ்டலுக்குப் போகும் முன்தினம், பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தவளிடம் அவர் போய்த் தலையைச் சாய்த்து நின்றார். அவள் நிமிர்ந்தாள்.

"அப்பா, எங்கிட்ட அந்த மூஞ்சி வேண்டாம். சும்மா இருங்க. சும்மாவே இருங்க, போதும்."

நான் பதறிப்போய் உள்ளே வந்தேன். அவர் முகத்திலிருந்து ஆறுதல் கழன்று போனது. கீழே வெறும் முகம். அவர் கட்டிலில் உட்கார்ந்து, அவள் மடித்துக் கொடுத்த துணிகளைப் பெட்டியில் வைக்க ஆரம்பித்தார். இரண்டு பேரும் ஒரு மணி நேரம் பேசவே இல்லை. அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. எனக்கு அந்த முகத்தைப் பழக ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. வீட்டுக்குள் நாங்கள் இரண்டு பேருமே நடிக்க வேண்டாம் என்று பேசிக்கொண்டோம். கோபம் வந்தால் நான் கத்துகிறேன். அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். கேட் தாழ்ப்பாள் சத்தம் கேட்டால் மட்டும், வருகிறவருக்காக அவர் முகத்தில் ஒரு முகம் வந்து உட்காரும். பக்கத்தில் இருந்து அதைப் பார்ப்பது இன்னும் எனக்கு ஆகாது. அந்த நேரத்தில் எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவேன்.

ஒருமுறை விழுமியங்கள் பாடத்துக்கான சீட்டுகளைத் தயாரித்துக்கொண்டிருந்தேன். அன்பு, மரியாதை, உண்மை, செல்வம், வாக்குத் தவறாமை என்று ஒவ்வொரு சீட்டிலும் ஒன்று. எது முக்கியமோ அதை முதலில் வைக்க வேண்டும். அவரிடம் கொடுத்தேன். வெகுநேரம் கையில் வைத்திருந்தார். வாக்குத் தவறாமையை முதலில் வைத்தார்.

"ஏன் இது?"

"மத்ததுக்கெல்லாம் உள்ள ஏதாவது தோணணும்" என்றார். "இதுக்கு வேண்டாம். சொன்னத செஞ்சாப் போதும். உன்னயக் கட்டும்போது சொல்லியிருக்கேன்லா."

மிச்சச் சீட்டுகளை அவர் அடுக்கவில்லை.

போன தீபாவளி லீவுக்கு மகள் காய்ச்சலோடு வந்தாள். காலையில் அவளை டாக்டரிடம் காட்டிவிட்டு வந்து படுக்கவைத்தோம். எங்கள் கல்லூரியில் இன்னும் லீவு விடாததால் நான் போயே தீர வேண்டியிருந்தது. சாயங்காலம் திரும்பி வந்தபோது, அவர் கடைக்குப் போகாமல் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். பார்க்க யாரும் இல்லாத அறையில் அவர் முகத்தில் ஒன்றுமே இல்லை.

"பயந்துட்டீங்களா?" என்றேன்.

"இல்ல."

"மத்தியானம் சாப்பிட்டீங்களா?"

"இல்ல." அவள் நெற்றியில் இருந்த ஈரத்துணியைத் திருப்பிப் போட்டார். "எந்திரிச்சுப் போகணும்னு தோணல."

அப்படியென்றால் உள்ளே ஏதாவது தோணுதா என்று கேட்க நினைத்தேன். கேட்டால் அவர் அதை யோசிக்கத் தொடங்கிவிடுவார் என்று தோன்றியது. கஞ்சி வைக்க உள்ளே போனேன்.