சாப்பாட்டு ஜீப்புக்குப் புது ஜன்னல்

வல்லம் வடகாலில் புதுக் கம்பெனிக்குக் கட்டடம் எழும்பும் இடத்தில், மத்தியானம் ஒரு பழைய ஜீப்பின் சத்தம் கேட்டால் போதும், சாரத்திலிருந்து ஆட்கள் தாமாகவே இறங்கத் தொடங்கிவிடுவார்கள். சாப்பாடு வந்துவிட்டது என்று அர்த்தம்.

ஓட்டி வருகிறவள் முத்துச்செல்வி. கோவில்பட்டிப் பக்கத்துக்காரி. பள்ளி முடித்த கையோடு ஒரகடம் வந்து, ஒரு கார் கம்பெனியில் கதவுக்கும் கண்ணாடிக்கும் ரப்பர் மாட்டும் லைனில் நின்றவள். கான்ட்ராக்ட் முடிந்தபோது கூட வேலை பார்த்தவர்கள் பலர் ஊருக்குப் பஸ் ஏறினார்கள். அவள் ஏறவில்லை. குடியிருந்த வீட்டின் சொந்தக்காரி சுந்தராம்பாளின் கறிக்குழம்பை ருசி பார்த்தவள், நேராக அவளிடம் போய் நின்றாள்.

"அக்கா, நீங்க ஆக்குங்க. நான் கொண்டுபோய் வித்துட்டு வாறேன்."

சுந்தராம்பாள் யோசிக்கவே இல்லை. "ஆக்குறதுக்கு இன்னா, ஊருக்கே ஆக்குவேன்" என்றாள்.

முதலில் ஷேர் ஆட்டோவில்தான் கொண்டுபோனார்கள். ஆனால் அது நெல் விளைந்த மண். ஒரு மழை பெய்தால் சக்கரத்தை விடாது. இரண்டு தடவை ஆட்டோ பாதியில் புதைந்து, சோற்றுப் பாத்திரங்களைத் தலையில் சுமந்துகொண்டு நடந்தார்கள். அதன்பிறகுதான் மலைத் தோட்டத்தில் ஓடி ஓய்ந்த இந்த ஃபோர் வீல் ஜீப்பை முத்துச்செல்வி தேடிப் பிடித்து வாங்கினாள். நான்கு சக்கரமும் சேர்ந்து இழுத்தால் எந்தச் சேறும் அதற்குப் பொருட்டில்லை. பின்பக்கத்து ஜன்னல்கள்தான் துருவேறிக் கிடந்தன. தள்ளினால் நகராது, மழை வந்தால் தடுக்காது. பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள்.

தள்ளிப்போட முடியாதபடி ஒருநாள் வந்தது. சைட்டின் சேஃப்டி ஆபீசர் ராஜசேகர் கேட்டிலேயே வண்டியை நிறுத்தி, சாம்பார்ப் பாத்திரத்தின் மூடியைக் காட்டினார். மேலே செம்பழுப்பாகத் துருத்தூள்.

"இது உள்ள விழுந்திருந்தா யாரும்மா பதில் சொல்றது? இன்னிக்கு விடுறேன். ஜன்னலை சரி பண்ணாம இனிமே இந்த வண்டி உள்ள வரக்கூடாது."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. சொன்னதில் தப்பும் இல்லை. அதுதான் அவளுக்கு அதிகமாக உறைத்தது.

அன்றே படப்பையில் டிங்கர் வேலை பார்க்கும் நரசிம்மனிடம் போனாள். அவர் ஜன்னலைத் தட்டிப் பார்த்துவிட்டு, "தகரத்த வெட்டி வச்சி அட்ச்சிட்டா மழையும் வராது, துருவும் கொட்டாது. சோத்துக்கு இன்னாத்துக்கும்மா கண்ணாடி?" என்றார்.

"சுடுசோறுல்லா அண்ணாச்சி. காத்துப் போகலைன்னா வேர்த்துப் புளிச்சுப்போகும். ஜன்னல்தான் வேணும். கழத்துறது, மாட்டுறதெல்லாம் நான் பாத்துக்கிடுதேன். வெல்டிங் மட்டும் நீங்க வச்சுத் தாங்க."

நரசிம்மன் அவளை ஒரு பார்வை பார்த்தார். "சரி, ஷெட்டாண்ட வுடு. டூல்ஸ் எடுத்துக்க."

ஜன்னல் அளவை அட்டையில் வெட்டி, பஸ் பாடி கட்டுகிற பட்டறையில் கொடுத்து, அலுமினியச் சட்டத்தில் தள்ளு கண்ணாடி செய்யச் சொன்னாள். அதுவரை சாப்பாடு மறுபடியும் ஷேர் ஆட்டோவில் போனது. காந்தி ஜெயந்தியும் ஞாயிறும் சேர்ந்து சைட்டுக்கு லீவு வந்தது. சுந்தராம்பாள் அடுப்பை மூடிவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கூடவே வந்தாள்.

பழைய ஸ்குரூக்கள் அசைவதாக இல்லை. டீசல் ஊற்றி ஊறவைத்தார்கள். சில கழன்றன, மற்றவை தலை தேய்ந்து வழுக்கின. அவற்றை டிரில் போட்டுத் துளைத்து எடுத்தாள். ரம்பத் தகட்டைத் துணி சுற்றிப் பிடித்து, சட்டத்துக்கும் பாடிக்கும் நடுவே விட்டு, இறுகிக் காய்ந்திருந்த பசையை அறுத்தாள். கண்ணாடி விழுந்துவிடாமல் சுந்தராம்பாள் உள்ளேயிருந்து கோணிச்சாக்கால் தாங்கினாள். ஒரு வழியாகச் சட்டம் வெளியே வந்தது. அதோடு பாடியின் விளிம்பும் நனைந்த பிஸ்கட் போல உதிர்ந்து கையோடு வந்தது.

"அய்யய்யோ! ஜன்னல எடுக்கச்சொன்னா வண்டியே வந்துரும் போல கீதே!" என்றாள் சுந்தராம்பாள்.

முத்துச்செல்வி ரம்பத் தகட்டைக் கீழே போட்டாள். தரையில் உட்கார்ந்து சட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கண்ணாடி ஓடும் காடியில் தூசி களிமண்ணாக இறுகியிருந்தது. தண்ணீர் வெளியே வழிவதற்கு அடியில் விட்டிருந்த துளைகள் எல்லாம் அடைபட்டுப்போயிருந்தன. பெய்த மழையெல்லாம் உள்ளேயே தேங்கி இரும்பைத் தின்றிருக்கிறது. காரணம் தெரிந்ததும் பாதிப் பயம் போய்விட்டது.

அரித்த பகுதியை நல்ல தகரம் தெரியும்வரை வெட்டித் தள்ளினாள். நரசிம்மன் ஒட்டுப் போட்டுக் கொடுத்தார். அதைத் தேய்த்து, கம்பி பிரஷ்ஷால் துருவைச் சுரண்டி, சிவப்பு பிரைமரும் அதன்மேல் பெயின்ட்டும் அடித்துக் காயவிட்டாள்.

மறுநாள் மாட்டும் வேலை. புதுச் சட்டத்தைச் சுற்றி ரப்பரை மாட்டி, அதன் காடியில் நைலான் கயிற்றைச் சுற்றினாள். லைனில் செய்த வேலைதான், கைகளுக்கு மறக்கவில்லை. அங்கே அவள் ரப்பர் மாட்டிய கார்களில் ஒன்றில்கூட அவள் ஏறி உட்கார்ந்ததில்லை.

"நான் வெளியேருந்து அமுக்குதேன். நீங்க உள்ள இருந்து கயித்த மெல்ல இழுங்கக்கா. ரப்பர் உதடு தானா உள்ள ஏறிக்கிடும்."

சுந்தராம்பாள் இழுத்தாள். ரப்பர் அங்குலம் அங்குலமாக விளிம்பின்மேல் ஏறி உட்கார்ந்தது. "ஏறுது செல்வி! ஏறுது!" என்று அவள் போட்ட கூச்சலில், அடுத்த கடைக்காரர்கூட எட்டிப் பார்த்தார்.

இரண்டு பக்கமும் மாட்டி முடித்து ஹோஸ் பைப்பால் தண்ணீர் அடித்தார்கள். வலது பக்கம் சொட்டுக்கூட இல்லை. இடது பக்கம் உள்ளே வழிந்து ஓடியது. முத்துச்செல்வி விரலை விட்டுத் தடவிப் பார்த்தாள். நன்றாக அடைக்க வேண்டும் என்ற ஆசையில், துளைகளையும் சேர்த்துத் தானே பசை பூசி மூடியிருந்தாள்! தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். ஊசியால் குத்தித் துளைகளைத் திறந்தாள். மறுபடியும் அடித்த தண்ணீர் வெளிப்பக்கமாகவே கோடு கோடாக வழிந்து இறங்கியது.

நரசிம்மன் கண்ணாடியை ஒற்றை விரலால் தள்ளிப் பார்த்தார். வழுக்கிக்கொண்டு போனது. "கம்பெனி வேல மாரியே கீது" என்றார்.

அந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. மற்ற வண்டிகள் மெயின் ரோட்டிலேயே நின்றுவிட, ஃபோர் வீல் சேற்றைக் கிழித்துக்கொண்டு கேட்டுக்குப் போனது. ராஜசேகர் குடையோடு வந்து பின்கதவைத் திறக்கச் சொன்னார். மூடிகளைத் தடவினார், கண்ணாடியை மேலும் கீழும் பார்த்தார்.

"எந்தக் கடையில போட்டீங்க?"

முத்துச்செல்வி வாயைத் திறப்பதற்குள், முன்சீட்டிலிருந்து சுந்தராம்பாள் தலையை நீட்டினாள்.

"கடையா? எங்க செல்வி கையால போட்டது சார் இது. கயிறு இழுத்தது நானு!"

சாப்பிட வந்து நின்ற ஆட்கள் சிரித்தார்கள். ராஜசேகரும் சிரித்துவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றார். முத்துச்செல்வி முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னலை இழுத்துத் திறந்தாள். சாம்பார் மணம் மழைக்குள் பரவியது.