நான் வேண்டாமென்ற தேநீர்

சமூகப்பணி படிக்கும் நான், களப்பயிற்சிக்காகச் சம்மாந்துறையில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். பிள்ளை பெற்று நாற்பது நாள் கழியாத ஒரு பெண் சரியாகச் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை என்று தகவல். என் மேற்பார்வையாளர் பரீதா மிஸ் பக்கத்தில் இருந்து, நான் கதைப்பதைக் கவனித்துக்கொண்டிருந்தார்.

“தேத்தண்ணி ஊத்தட்டா மகள்?” என்று அந்தப் பெண்ணின் உம்மா கேட்டார்.

போகும் வீடுகளில் எதையும் வாங்கக் கூடாது என்று நினைத்திருந்த நான், “வேணாம் மாமி” என்றேன். அவர் மகளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். நான் கேட்ட எல்லாவற்றுக்கும் அந்தப் பெண், “ஒண்டுமில்ல மிஸ்” என்றாள். ‘பிரச்சினை இல்லை’ என்று எழுதிக்கொண்டு எழும்பினேன்.

“ராத்தா, எனக்கு ஒரு தேத்தண்ணி தாங்க” என்றார் பரீதா மிஸ், எழும்பாமலே.

உம்மா குசினிக்குள் போனதும் அந்தப் பெண் என் கையைப் பிடித்தாள். “நேத்து புள்ளயத் தூக்கிட்டுக் கிணத்தடியில போய் நிண்டன். உம்மாக்குத் தெரியா.”

அன்றே தாயையும் பிள்ளையையும் வைத்தியசாலைக்குக் கூட்டிப்போனோம். இப்போது இருவரும் சுகம்.

இனி எந்த வீட்டிலும் நான் தேநீரைக் கேட்டு வாங்கித்தான் குடிப்பேன். தேவைப்பட்டால், சீனி காணாது என்று சொல்லி உம்மாவை இன்னொரு தடவையும் குசினிக்கு அனுப்புவேன்.

– றிஸ்னா, கல்முனை