கடலுக்குப் போனவன்

எங்கட கரையில ரெண்டு சொல் இருக்கு. கடலுக்குப் போனவன் எண்டால் தொழிலுக்குப் போயிருக்கிறான், வருவான், உலையை வை எண்டு அர்த்தம். கடலோட போனவன் எண்டால் முடிஞ்சுது, அவ்வளவுதான். முல்லைத்தீவுக் கரையில பிறந்த சின்னப் பிள்ளைக்கும் இந்த வித்தியாசம் தெரியும். என்ர தம்பி கடலுக்குப் போனவன். அப்பிடித்தான் சொல்லவேணும் எண்டு அம்மா ஒற்றைக்காலில நிண்டவா.

அவன் வெளிக்கிட்ட விடியக்காலமை கடல் குளம் மாதிரிக் கிடந்தது. பிறகு அவனும் இல்லை, வள்ளமும் இல்லை. "நீரோட்டம் இழுத்துக்கொண்டு போயிருக்கும். இந்தியாக்காரன் பிடிச்சு மறியல்ல, சிறைக்குள்ள போட்டிருப்பான்" எண்டு அம்மா தானே ஒரு முடிவுக்கு வந்திட்டா. அடுத்த வருசம் சண்டை எங்களையும் கரையில இருந்து கலைச்சு விட்டுது. விசுவமடுவில, கடல்காத்தே வராத ஒரு காணியில, தறப்பாள் கொட்டிலுக்குள்ள நானும் அம்மாவும். அங்கயும் மத்தியானம் அவனுக்கொரு கோப்பையில சோத்தைப் போட்டு மூடி வைப்பா. எனக்கு விசர் வரும்.

"ஆருக்கணை இது?"

"கடலுக்குப் போனவன் பசியோட வருவானடி."

பின்னேரம் அந்தச் சோத்தை நான்தான் தின்னுறனான். அவன் வருவான் எண்டு நான் நம்பேல்லை. ஆனால் நம்புற ஒராள் வீட்டில இருக்கிறா எண்டது எனக்குப் பெரிய ஆறுதலாய்த்தான் இருந்தது.

அந்த ஆவணியில எங்கட கோயில் மூப்பர் மடுத் திருவிழாவுக்கு ஒரு உழவு ரக்ரரைப் பெட்டியோட பிடிச்சார். அம்மாதான் முதல் ஆளாய்ப் பேர் குடுத்தவா. மாதாவில பக்தி இல்லை எண்டு சொல்லேல்லை. ஆனால் அவாக்கு வேற ஒரு கதை காதில விழுந்திருந்தது. இந்தியாவில மறியல்ல கிடந்த எங்கட கரை ஆள் ஒருத்தன் திரும்பி வந்து, மடுக் கோயிலடி அகதிக் கொட்டிலுகளில இருக்கிறானாம். ஒரு பையுக்குள்ள தம்பியின்ர சாரத்தையும் சேட்டையும் மடிச்சு வைச்சா. "அவனும் சேர்ந்து வந்திருந்தால்? மாத்துறதுக்கு என்ன செய்வான்?" எண்டா.

டீசல் எங்க கிடைச்சது அந்த நாளில? மண்ணெண்ணெயில ஓடின ரக்ரர் புகையைக் கக்கிக் கக்கிப் போச்சு. பின்னால பூட்டின பெட்டிக்குள்ள நெருக்கியடிச்சு இருந்து மாதா பாட்டுப் படிச்சுப் படிச்சு எல்லாற்ற தொண்டையும் கரிப் பிடிச்சிட்டுது. துணுக்காய் தாண்டிக் காட்டுக்கரையில ஒரு பழைய அந்தோனியார் கோயில். எப்ப கட்டினதெண்டு ஆருக்கும் தெரியாது. சுவரில பாதி இல்லை. துலைஞ்சதைக் கண்டுபிடிச்சுத் தாறவர் அந்தோனியார். அம்மா அவரோட சண்டைக்கே போயிட்டா: "உமக்கு வேற என்ன வேலை? கண்டுபிடிச்சுத் தாருமன்!"

அங்க செபமாலை முடிய மூப்பர், நல்ல மனசோடதான், "கடலோட போன எங்கட பிள்ளையின்ர ஆத்தும இளைப்பாற்றிக்காக ஒரு பரலோக மந்திரம்" எண்டிட்டார்.

அம்மா எழும்பிட்டா. "ஆர் மூப்பர் கடலோட போனது? நீர் கண்டனீரோ?"

நானும் விடேல்லை. "வாயை அளந்து கதையுங்கோ" எண்டு பேசினனான். பாவம், அந்த மனுசன் கூனிக் குறுகிப் போனார். மடு வந்து சேருமட்டும் பெட்டிக்குள்ள ஒருதரும் பாடேல்லை.

மடுவில மரத்துக்கு மரம் கொட்டில். திருவிழாச் சனத்தையும் அகதிச் சனத்தையும் பிரிச்சுப் பார்க்கேலாது. எத்தினையோ தலைமுறை அழுது அழுது கும்பிட்ட இடம். அம்மா மாதாவுக்கு முன்னால முழங்காலில நிண்டா. நான் பக்கத்தில நிண்டு கேட்டது இதுதான்: மாதாவே, அந்த ஆள் எங்கட கண்ணில படக்கூடாது. அவனை வேற எங்கயாவது அனுப்பிவிடு.

அடுத்த நாள் காலமையே ஆள் ஆம்பிட்டிட்டான். எலும்பும் தோலுமாய், கிழிஞ்ச சாரத்தோட கொட்டில் வாசலில இருந்தான். அம்மா தம்பியின்ர அடையாளம் ஒவ்வொண்டாய்ச் சொன்னா. அவன் நிலத்தைப் பாத்துக்கொண்டு இருந்தான்.

"அம்மா, எங்கட கரை ஆக்கள் எல்லாரையும் ஒரே மறியல்லதான் வைச்சிருந்தவங்கள். எனக்கு எல்லாரையும் தெரியும். உங்கட பிள்ளை அங்க வரேல்லை."

"வேற மறியல் இருக்குமே?"

"இல்லை அம்மா."

அம்மா அழேல்லை. அவன்ர கிழிஞ்ச சாரத்தைப் பாத்தா. பிறகு பையைத் திறந்து, தம்பியின்ர சாரத்தையும் சேட்டையும் எடுத்து அவன்ர மடியில வைச்சா. "உடுத்து ராசா, உனக்கு அளவாய் இருக்கும்" எண்டா. மற்றப் பெண்டுகள் பாம்புக் கடிக்கு மருந்தெண்டு மடு மண்ணைச் சீலைத் தலைப்பில முடிஞ்சுகொண்டு வந்தினம். அம்மா வெறுங்கையோட வந்து ரக்ரரில ஏறினா.

திரும்பி வரேக்க அதே அந்தோனியார் கோயிலில மூப்பர் எங்களை இறக்கினார். செபமாலை முடிஞ்சுது. மனுசன் அம்மாவை ஒருக்காப் பாத்து, தொண்டையைச் செருமி, ஒவ்வொரு சொல்லாய் எடுத்து வைச்சார்:

"கடலுக்குப் போன எங்கட பிள்ளை சுகமாய்த் திரும்பி வர..."

"கடலோட" எண்டா அம்மா.

மூப்பருக்கு விளங்கேல்லை. திருதிருவெண்டு முழிச்சார்.

"கடலோட போனவன் எண்டு சொல்லுங்கோ மூப்பர். ஆத்துமாவுக்குச் சொல்லுங்கோ."

"இல்லை, கடலுக்கு!" எண்டு நான் கத்தினன். "கடலுக்குத்தான் போனவன்! மூப்பர், இப்ப நீங்கள் சொன்ன மாதிரியே சொல்லுங்கோ!"

ஒருநாளும் நம்பாத நான்தான் அப்பிடிக் கத்தினனான். ஒருதரும் என்னைப் பாக்கேல்லை. அம்மாவே பரலோக மந்திரத்தைத் தொடங்கினா. எல்லாரும் சேர்ந்து சொல்லிச்சினம். எனக்கு வாய் வரேல்லை.

வீட்டுக்கு வந்த அடுத்த நாள் மத்தியானம் நானும் அம்மாவும் சாப்பிட்டம். பின்னேரம் பழக்க தோசத்தில தம்பியின்ர கோப்பையைத் தேடிப் போனன். அம்மா அதைக் கழுவிக் கவிட்டு வைச்சிருந்தா.