வெலார்கோ என்று ஒருவர் இல்லை

ஒரு மனிதரின் கதையை எடுத்து, இல்லாத ஒரு வெளிநாட்டுக்காரர் பெயரில் அச்சிட்டவன் நான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தள்ளிப்போட்டால் நழுவிவிடுவேன், என் சுபாவம் அப்படி.

போன மாதம் கைப்பேசியில் ஒரு பட்டியல் வந்தது. உலகெங்குமிருந்து படித்தே ஆகவேண்டிய சிறுகதையாளர்கள் என்று யாரோ ஓர் இளைஞர் தொகுத்தது. மனைவி போன பிறகு, வருவதையெல்லாம் ஒன்று விடாமல் படிக்கிறேன். ஏழாவது பெயர் தொமாஸ் வெலார்கோ. ‘தமிழில் ஒரே ஒரு கதைதான் கிடைக்கிறது’ என்று குறிப்பு வேறு.

நான் வேலை பார்த்த ஆலையின் ஸ்டோர்ஸில் கிடந்த இறக்குமதி மரப்பெட்டியின் மேலிருந்த எழுத்துகளைக் கலைத்துப் போட்டு நான் செய்த பெயர் அது.

அப்போது கும்மிடிப்பூண்டி இரும்பாலையின் பரிசோதனைக்கூடத்தில் எனக்கு வேலை. உலையிலிருந்து மாதிரித் துண்டைக் குறட்டில் பிடித்துக்கொண்டு தேவராஜ் வருவார், எளாவூர்க்காரர். அவருக்கு முன்னால் சுட்ட இரும்பின் வாசனை வந்துவிடும். இன்றும் இஸ்திரிக் கடையைத் தாண்டும்போது அவர் வருவதாகவே தோன்றும். நான் கழித்துப் போட்ட அறிக்கைத் தாள்களின் பின்பக்கத்தில் அவர் கதை எழுதினார். தயங்கித் தயங்கி ஒன்றை என்னிடம் கொடுத்தார்.

“வெள்ளக்காரன் பேரு இருந்தாதான் நம்ம சாரு படிப்பாரு. நீ இன்னாத்துக்கு குடுத்துக்கினு?” என்று கேண்டீனில் அவரைக் கேலி செய்தார்கள். எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன்.

படித்தேன். ஆந்திர எல்லையை ஒட்டிய எளாவூர் சோதனைச்சாவடியில் ஆவணம் சரியில்லையென்று ஒரு லாரியை மூன்று நாள் நிறுத்திவிடுகிறார்கள். பக்கத்துக் குடிசைப் பெண் லாரிக் கயிற்றில் துணி உலர்த்தத் தொடங்குகிறாள். லாரி கிளம்பும்போது ஒரு குழந்தைச் சட்டை கயிற்றில் தொங்கியபடியே எல்லையைக் கடந்துவிடுகிறது. அவ்வளவுதான் கதை.

திருவள்ளூர் நண்பர்கள் நடத்திய சிற்றிதழில் உலகக் கதைப் பக்கம் என் பொறுப்பு. அந்த மாத இதழுக்கு நான் எதையும் மொழிபெயர்க்கவில்லை. சோம்பல்தான், வேறு காரணமில்லை. தேவராஜின் கதையை எடுத்து எளாவூரை மலைநாட்டு எல்லை ஆக்கினேன். வேப்பமரம் ஓக் ஆயிற்று, கூழ் சோளரொட்டி ஆயிற்று. அந்தப் பெண் இசபெல்லா ஆனாள். பாராட்டுக் கடிதங்கள் வந்தன, என் மொழிபெயர்ப்புக்கு.

ஒருநாள் தேவராஜ் ஒரு கையில் குறடும் மறுகையில் இதழுமாக வந்தார்.

“சார், இந்த ஆளு என் கதைய அப்படியே எழுதிக்கிறான் சார்! நல்ல வேள, என்னுத எங்கியும் அனுப்பல. காப்பி அடிச்சான்னு அசிங்கமாப் பூட்டிருக்கும். நான் குடுத்தத கிழிச்சிப் போட்டுடுங்க சார்.”

அது உன்னுடையதுதான் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். “பெரிய எழுத்தாளருக்குத் தோணினது உனக்கும் தோணியிருக்கு பாரு” என்றேன். அவர் போனதும் தாள்களைக் கிழித்தேன். அது எனக்கு வசதியாகவும் இருந்தது. அதன்பின் அவரிடமிருந்து மாதிரித் துண்டு மட்டுமே வந்தது.

பட்டியலைப் பார்த்த மறுநாள் ரயிலேறி எளாவூரில் தேவராஜ் வீட்டுக்குப் போனேன். அவர் மருமகள் டீ வைத்துவிட்டுப் போனாள். இதழை எடுத்துக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

“படிங்க சார்” என்றார்.

படித்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். “நல்லா எழுதிக்கிறான் சார்.”

“நீங்கதான் தேவராஜ் எழுதினது.”

“அது சரி சார்.”

உங்கள் பெயரில், பழைய பெயர்களோடு மறுபடி அச்சிடுவோம் என்றேன். அவர் முகம் சட்டென்று மாறியது. “அந்தப் பொம்பளைக்கு ஒரு பேரு வெச்சிருந்தேனே. இன்னா அது?”

எனக்கும் நினைவில்லை. சரோஜாவா, கன்னியம்மாவா என்று கேட்டுப் பார்த்தேன். “இல்ல சார், இல்ல சார்.” வெளியே நெடுஞ்சாலையில் லாரிகள் நிற்காமல் போய்க்கொண்டிருந்தன. இப்போது அங்கே துணி உலர்த்தும் அளவுக்கு எதுவும் நிற்பதில்லை.

பட்டியல் போட்ட இளைஞருக்கு எழுதினேன். அன்றே பெயரை நீக்கிவிட்டார். ஏழாவது இடத்தில் வேறொரு வெளிநாட்டுக்காரர் வந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தேவராஜ் போன் செய்கிறார், பெயர் ஞாபகம் வந்ததா என்று கேட்க. போன வாரமும் இல்லை என்றேன்.

“நல்லா ரோசன பண்ணுங்க சார்” என்றார். “அத கடைசியாப் படிச்சவரு நீங்கதான்.”